பழைய ரிப்போர்ட்டைக் கட்டைப்பையில் சுமக்கும் காலம் எப்போது முடியும்?

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. மனதில் கிடந்து உறுத்துவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தது. வழக்கமாகப் போகும் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாற்றம் புதுசா, முன்னாடியே இருந்ததா? பழைய ஈசிஜி இருந்தா உடனே கொண்டுவாங்க" என்றார். இருந்தது. அம்மா எல்லா ரிப்போர்ட்டையும் ஜவுளிக்கடை கட்டைப்பை ஒன்றில் போட்டு பீரோ மேல் வைத்திருப்பார். தம்பி வண்டியில் போய் எடுத்து வந்தான். பிரித்துப் பார்த்தால் ரோஸ் நிறக் கட்டம் மட்டும்தான் இருக்கிறது, கோடு மொத்தமும் மங்கிப் போயிருந்தது. அந்த ஈசிஜியை எடுத்ததே அதே மருத்துவமனைதான். அவர்களிடம் பிரதி எதுவும் இல்லை.

அப்புறம் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். சில மணி நேரத்துக்கு முன்னால்தான் எடுத்தது என்று தாளைக் காட்டியும் கேட்கவில்லை. அப்பா இப்போது நலம், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

என் ஆதங்கம் என்னவென்றால், முதல் மருத்துவமனையில் பில் போடும்போது 2019-இல் நாங்கள் கட்டிய தொகை வரை கம்ப்யூட்டரில் வந்தது. அன்றைக்கு எவ்வளவு பணம் கட்டினோம் என்பது அவர்களிடம் இருக்கிறது. அன்றைக்கு அப்பாவின் இதயம் எப்படி இருந்தது என்பது இல்லை. ரயில் டிக்கெட், வங்கி, ரேஷன் கடை எல்லாம் மாறிவிட்டன. உயிர் சம்பந்தப்பட்ட இடம் மட்டும் ஏன் இப்படி? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

நிரல்முத்து:

மருத்துவமனை மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஸ்கேன் படங்களை எந்தக் கருவியிலும் திறந்து பார்க்க வழி செய்யும் டைகாம் தரம் 1993-இலேயே வந்துவிட்டது. மருத்துவத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் எச்எல்7 தரம் 1987-இல் ஆரம்பித்தது. மின்னணு நோயாளிப் பதிவுக்கு இந்திய அரசே 2013-இல் தரநிலைகள் வெளியிட்டு 2016-இல் திருத்தியும் விட்டது. மருத்துவப் பதிவுகளை இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கியது, அதன் 14 இலக்க ஆபா எண், அதாவது சுகாதார அடையாள எண், கோடிக்கணக்கானோர் கையில் இருக்கிறது.

ஆனால் எங்களிடம் வரும் மருத்துவமனைகள் முதலில் கேட்பது பில்லிங், அடுத்தது பார்மசி ஸ்டாக், அடுத்தது லேப். டாக்டர் நோயாளியைப் பற்றி எழுதும் பகுதியை மொத்தமாக வாங்கும்போது சேர்த்து வாங்குவார்கள், அதைத் திறக்கவே மாட்டார்கள். பயிற்சிக்குப் போனால், "எனக்கு டைப் அடிக்க நேரமில்லை தம்பி" என்று டாக்டர் எழுந்து போய்விடுவார். என் கருத்தில் தொழில்நுட்பம் தயார், மனிதர்கள்தான் தயாரில்லை.

இரவுப்பணி:

//மனிதர்கள்தான் தயாரில்லை//

இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. நான் ஸ்டாஃப் நர்ஸ். நிரல்முத்து அவர்களே, கோபத்தில் எழுதவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் வார்டில் இரவில் இரண்டு பேர். படுக்கைகளைவிட நோயாளிகள் அதிகம். ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் சார்ட், உள்ளே போன நீர் வெளியே வந்த நீர் எழுதும் ஐஓ சார்ட், மருந்து சார்ட், கேஸ் ஷீட்டில் நர்ஸ் நோட்ஸ். இது போக டியூட்டி ஒப்படைப்பு நோட்டு, மருந்து இன்டென்ட், ஊசி மருந்துக் கணக்கு, ஆக்சிஜன் கணக்கு, அட்மிஷன் ரிஜிஸ்டர், எமர்ஜென்சி டிரே சரிபார்ப்பு நோட்டு. இதற்கு நடுவில்தான் ஊசி போடுவதும், டிரிப் மாற்றுவதும், மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்கார வைப்பதும்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் வந்தது. நர்சிங் ஸ்டேஷனில் ஒன்றே ஒன்று. சார்ட்டில் எழுதியதையே அதிலும் ஏற்ற வேண்டும் என்றார்கள். சரி, அப்படியானால் சார்ட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டோம். கூடாது, ஆடிட்டில் தாளைத்தான் கேட்பார்கள், கோர்ட்டுக்குப் போனாலும் கையெழுத்துள்ள தாள்தான் வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதுகிறோம், அவ்வளவுதான். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் சார்ட்டைத்தான் புரட்டுவார், திரையைப் பார்க்க மாட்டார். நான் ஏற்றியதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகு, டியூட்டி முடியும் நேரத்தில் எல்லாருக்கும் மொத்தமாக உட்கார்ந்து ஏற்றுவது வழக்கமாகிவிடும். அந்தத் தகவலுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே வார்டில் யாரும் உத்தரவு போடாமல் எது எது வந்தது தெரியுமா? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர், சிரிஞ்ச் பம்ப். பம்ப் வந்ததால் மருந்துத் துளியை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கத் தேவையில்லை. அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, வயதான சிஸ்டர்கள்கூட அன்றைக்கே பழகிவிட்டார்கள். அதுவும் தொழில்நுட்பம்தானே? எங்கள் வேலையைக் குறைப்பது எதுவாக இருந்தாலும் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறோம். எங்களிடம் தகவல் வாங்கி வேறு யாருக்கோ கொடுப்பது நத்தை வேகத்தில்தான் நகரும்.

கிராம சுகாதார செவிலியர்களைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி திட்டம் நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீடு வீடாக நடக்க வேண்டியவர் கையில் பதிவேடும் கொடுத்து அதே தகவலை ஆன்லைனிலும் ஏற்றச் சொன்னதால், அந்தச் செவிலியர்கள் போராட்டமே நடத்தினார்கள். கம்ப்யூட்டரை அவர்கள் எதிர்த்ததாக அர்த்தமில்லை. பதிவேற்ற ஆள் போடுங்கள், எங்களை எங்கள் வேலையைச் செய்ய விடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஸ்டெத்_சேலம்:

சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. டாக்டர் தரப்பையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு நோயாளியோடு டாக்டர் எத்தனை நிமிடம் செலவிடுகிறார் என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பிஎம்ஜே ஓபன் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியா இரண்டு நிமிடத்துக்குப் பக்கம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் லாகின் செய்து, எண் தட்டி, பட்டியலில் நோயின் பெயரைத் தேடி, மருந்தை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் கொடுப்பது என்றால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எப்போது? பேனாவால் பத்து விநாடியில் எழுதுகிறேன். என் கையெழுத்து மோசம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், 2016-இலேயே மருத்துவ கவுன்சில் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. ஆனால் வெளியே 150 பேர் வரிசையில் நிற்கும்போது எந்த டாக்டரும் வேகமான வழியைத்தான் எடுப்பார்.

பணம் கொட்டினால் மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கக் கதை. 2009-இல் ஹைடெக் சட்டம் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகையாகச் சில ஆயிரம் கோடி டாலர் ஒதுக்கினார்கள். பத்தில் ஒரு மருத்துவமனைகூட மாறாமல் இருந்த நாடு சில ஆண்டுகளில் அனேகமாக முழுசாக மாறியது. வெற்றிதான். ஆனால் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், டாக்டர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்ப்யூட்டரிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போவதாகத் தெரிந்தது. அந்த மென்பொருட்களின் அமைப்பைப் பெரும்பாலும் தீர்மானித்தது காப்பீட்டு பில் போடத் தேவைப்பட்ட விவரங்கள்தான். அந்த நாட்டு டாக்டர்கள் களைத்துப்போய் வேலையை விடுவதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நொய்யல்கரை, ஒரு சின்ன விஷயம். ஈசிஜி எடுக்கும் தாள் வெப்பத்தில் கறுக்கும் தாள். சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடலாம். எடுத்த அன்றைக்கே தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள், முடிந்தால் ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். இழை படிக்கும் எல்லாருக்கும்தான் சொல்கிறேன்.

வைகைச்செல்வன்:

டாக்டர், மன்னிக்கவும். நேரமில்லை என்பதெல்லாம் அரசு மருத்துவமனைக்குப் பொருந்தும். தனியாரில் நடப்பது வேறு. ரிப்போர்ட் எல்லாம் நோயாளியோடு கூடவே போய்விட்டால் அடுத்த மருத்துவமனையில் எக்கோவுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எப்படிப் பணம் வாங்குவது? பில் தகவல் பத்திரமாக இருக்கிறது, நோய்த் தகவல் இல்லை என்றால் யாருக்கு எது லாபம் என்று பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றால் அதே மருத்துவமனை எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்து ஆன்லைனில் ஏற்றி, போட்டோ முதற்கொண்டு இணைத்து அனுப்புகிறதே, அப்போது மட்டும் ஆள் எங்கிருந்து வந்தது? பணம் வரும் என்றால் முடிகிறது.

ஸ்டெத்_சேலம்:

வைகைச்செல்வன், நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், அது நடக்கிறது. ஆனால் மறு பரிசோதனை எல்லாமே பணத்துக்காக இல்லை. நெஞ்சு வலியில், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுக்கத்தான் வேண்டும், மதிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அதுபோக, பக்கத்து லேபின் தரம் எனக்குத் தெரியாது. அந்த அளவை நம்பி நான் மருந்து கொடுத்து ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது நான்.

சட்ட பயம் எவ்வளவு பெரிய தடை என்பதற்குத் தொலைமருத்துவம் நல்ல உதாரணம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா கிராமத்தில் அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே இஸ்ரோவும் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கியது. அதன்பிறகும் இருபது வருடம் சாதாரண டாக்டர்கள் அந்தப் பக்கம் போகவில்லை, ஏனென்றால் போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா தவறா என்று ஒருவருக்கும் தெரியாது. நேரில் பார்க்காமல் தொலைபேசியில் மருந்து சொல்லி நோயாளி இறந்த வழக்கு ஒன்றில் 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம் இரண்டு டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது, அதன்பிறகு இன்னும் பயம். கடைசியில் 2020 மார்ச் 25-ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. எந்த மருந்தை வீடியோவில் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று தெளிவாகப் பட்டியல் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் கோடிக்கணக்கில் ஆலோசனைகள் நடந்துவிட்டன. கேமராவும் இணையமும் முன்பே இருந்தவைதான். இந்த ஒரு ஆவணம்தான் இல்லாமல் இருந்தது.

கிடங்குக்காரன்:

ஓய்வு பெற்றவன் நான், மருந்துக் கிடங்கோடு சம்பந்தப்பட்ட வேலையில் இருந்தேன். அரசாங்கத்தில் கம்ப்யூட்டர் என்றாலே ஓடாது என்று யாராவது முடிவுகட்டுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கி 1995 ஜனவரியிலிருந்து மருந்து கொள்முதல் செய்கிறது. அந்தக் காலத்திலேயே மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்து, எங்கே குறைகிறது, எங்கே காலாவதி நெருங்குகிறது என்று தெரிந்து அனுப்பினோம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் ஒதுக்கீடு இருக்கும், எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவோம். டாக்டருக்கோ நர்சுக்கோ அதனால் கூடுதல் வேலை இல்லை, மாறாக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பார்மசிஸ்ட் தனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்தாலே தெரிந்துகொள்வார். மருந்து வராமல் கடிதம் மேல் கடிதம் எழுதிய பழைய நாட்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். அப்புறம் ராஜஸ்தானும் கேரளாவும் இதையே பார்த்து அவரவர் கழகம் ஆரம்பித்தார்கள்.

அதனால் செவிலியர் அம்மா சொல்வதுதான் என் அனுபவமும். விவரம் கொடுக்கிறவருக்கே அந்த விவரத்தால் ஏதாவது திரும்பி வர வேண்டும். வந்தால் பதிவு தானாகச் சரியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_தமிழன்:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இந்தியாவில் மட்டும்தான் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக.

இங்கே 2018-இல் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி கணக்கெடுத்தபோது இங்கிலாந்தின் அரசு சுகாதார சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 9,000 பேக்ஸ் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அமைச்சர் மேட் ஹான்காக் அந்த டிசம்பரில், 2019 ஜனவரி முதல் புதிதாக வாங்கக்கூடாது, 2020 மார்ச்சுக்குள் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்து பேஜர், அழைப்பு வந்தால் ஒலிக்கும் சின்னக் கருவி. உலகில் மிச்சமிருந்த பேஜர்களில் பத்தில் ஒன்று, சுமார் 1,30,000, என்எச்எஸ்ஸில்தான் இருப்பதாகச் சொன்னார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் மருத்துவமனைக்குள் இருப்பவர்கள் பேஜரை விடாததற்குக் காரணம் உண்டு. தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில், அடித்தள எக்ஸ்ரே அறையில், மொபைல் சிக்னல் போகாத இடத்தில் பேஜர் அடிக்கும். பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். மாரடைப்பு அழைப்பு தவறக்கூடாத இடத்தில் அதை எடுத்துவிட்டு ஒரு ஆப்பைக் கொடுத்தால், சார்ஜ் தீர்ந்த ஒரே ஒரு இரவு போதும், யாரும் மறுபடி நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் பார்த்தோம். 2002-இல் நாடு முழுக்க ஒரே மின்னணுப் பதிவு என்று பெரிய தேசியத் திட்டம் தொடங்கினார்கள். மேலிருந்து முடிவு செய்து, பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து, மருத்துவமனைகளிடம் இதுதான் உங்களுக்கு என்று கொடுத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் கோடி பவுண்டு செலவு, 2011-இல் திட்டத்தையே கலைத்துவிட்டார்கள். வார்டில் வேலை செய்பவரிடம் கேட்காமல் செய்ததுதான் பெரிய குறை என்று இங்கே இன்றும் பேசுவார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு புதிய மென்பொருள் எது வந்தாலும் பழைய ஊழியர்கள் முகத்தில் சந்தேகம்தான் முதலில் வரும்.

தென்றல்72:

எல்லாம் சரி, பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை, தகவலைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ இரண்டு வாரம் ஓபி பதிவு, லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால் எழுதினார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே அந்த நிலை. பிரிட்டனில் 2017 மே மாதம் அதே வகையைச் சேர்ந்த வானாக்ரை வந்தபோது ஏறத்தாழ 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானதாகக் கணக்கிட்டார்கள். என் மனநலச் சிகிச்சை விவரமோ எச்ஐவி பரிசோதனை முடிவோ எங்கோ கசிந்தால் யார் பொறுப்பு? எனக்குக் கட்டைப்பையே பாதுகாப்பாகத் தெரிகிறது.

நிரல்முத்து:

தென்றல்72, நியாயமான பயம். ஆபா அமைப்பில் எல்லா ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை. ரிப்போர்ட் உருவான மருத்துவமனையிலேயே இருக்கும், நீங்கள் போனில் சம்மதம் கொடுத்தால் மட்டுமே இன்னொரு இடத்துக்குப் போகும், எவ்வளவு நாளைக்கு என்பதையும் நீங்களே வைக்கலாம். அமைப்பாகப் பார்த்தால் நல்ல யோசனை. ஆனால் ரிப்போர்ட் இருக்கும் அந்தச் சின்ன மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின். தனித்தனி லாகின் கொடுத்தால் உள்ளே போக நேரம் பிடிக்கிறது என்பதுதான் காரணம், மறுபடி நேரப் பிரச்சினைக்கே வந்து நிற்கிறோம்.

விழித்திரை:

நான் கண் மருத்துவத் துறை, கண் பரிசோதனை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட். ஏஐ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் நிரலை கூகிள் உருவாக்கியது, 2016-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கெடுத்தன. ஆய்வகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம். அப்புறம் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்து உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள், 2020-இல் அந்த ஆய்வு வெளியானது.

அங்கே நர்ஸ்கள் சாதாரண அறையில், விளக்கை அணைக்க முடியாத இடத்தில், ஒரு நாளில் நூறு இருநூறு பேருக்குப் படம் எடுக்க வேண்டும். நிரலுக்கோ தெளிவான படம்தான் வேண்டும். முதல் ஆறு மாதத்தில் ஏற்றிய 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது ஏற்கவே இல்லை. கண்ணில் ஒன்றுமில்லை என்று அனுபவமுள்ள நர்ஸுக்குப் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனால் நிரல் ஏற்காததால் நோயாளி வேறு ஊர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். ஒரு இடத்தில் இணையம் இரண்டு மணி நேரம் போனதால், 200 பேர் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

அந்த ஆராய்ச்சியாளர்களை நான் மதிக்கிறேன், குறையை மறைக்காமல் எழுதினார்கள், அப்புறம் நர்ஸ்களோடு உட்கார்ந்து முறையை மாற்ற வேலை செய்தார்கள். எல்லாரும் அதைச் செய்வதில்லை. முகாமில் ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதை எத்தனையோ இடத்தில் பார்த்தாகிவிட்டது.

இரவுப்பணி:

விழித்திரை சொன்னதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நர்ஸிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை. அங்கே சூ கின்னிக் என்ற நர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் கையில் ஒரு சின்னக் கருவியால் பார்கோடைத் தட்டி நொடியில் கணக்கு முடித்ததைப் பார்த்தார். காருக்கு முடிகிறது என்றால் நம் நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு ஏன் முடியாது என்று கேட்டார். கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மருந்தில் ஒரு பார்கோடு, இரண்டையும் தட்டினால் சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அந்த மருத்துவமனையில் ஆரம்பித்து, 1999-இலிருந்து படைவீரர் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோனார்கள்.

அதிலும் சிக்கல் வராமல் இல்லை. 2008-இல் ஓர் ஆய்வு, பார்கோடு முறையில் நர்ஸ்கள் எடுக்கும் குறுக்கு வழிகள் 15 வகை என்றும் அதற்கான காரணங்கள் 31 என்றும் பட்டியல் போட்டது. கைப்பட்டை நனைந்துவிட்டது, நோயாளி அதைக் கடித்துவிட்டார், மருந்துப் பொட்டலம் கசங்கிவிட்டது, கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது, வைஃபை இல்லை. அதனால் கூடுதல் பட்டைகளை அச்சிட்டு வேறு இடத்தில் ஒட்டி வைத்துத் தட்டினார்கள். அந்த ஆய்வு நர்ஸ்களைத் திட்டவில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்த காரணத்தை எழுதியது. எனக்கு அதில் ரொம்ப மரியாதை. இங்கே அப்படி யார் வந்து பார்க்கிறார்கள்? தகவல் ஏற்றவில்லை என்றால் மெமோதான் வருகிறது.

நொய்யல்கரை:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. நான் டாக்டர்களின் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், விஷயம் அப்படி இல்லை என்று தெரிகிறது. எங்களைப் போன்ற சாதாரண குடும்பங்கள் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

ஸ்டெத்_சேலம்:

முக்கியமானது ஒன்று. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியாக இருந்தவரின் பதிவுகளை மருத்துவர் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதே விதிகளில், பதிவுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்க முயல வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது, 2002-இலேயே. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், ஆபரேஷன் நோட்ஸ், ஈசிஜி பிரதி, ஆஞ்சியோ சிடி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். சண்டை போடத் தேவையில்லை, எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்பாவுக்கு ஆபா எண் எடுத்து வையுங்கள். க்யூஆர் கோடைத் தட்டி ஓபி பதிவு செய்யும் வசதி பல அரசு மருத்துவமனைகளில் வந்துவிட்டது, வரிசையில் நிற்கும் நேரமாவது மிச்சம். கவனித்தீர்களா, அந்தத் திட்டத்தில் மக்கள் உடனே பிடித்துக்கொண்டது இந்த வசதியைத்தான், ஏனென்றால் தட்டுகிறவருக்கே அதனால் லாபம். ரிப்போர்ட் இணைப்பது இன்னும் மெதுவாகத்தான் போகிறது.

அப்புறம் ஒரே தாளில் நோய்கள், மருந்துகள், அலர்ஜி, செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டருக்கு 200 பக்க பைலைவிட அந்த ஒரு தாள் உதவும்.

நிரல்முத்து:

இரவுப்பணி அவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் நிறுவனத்தில் வார்டுக்கான புதிய பகுதியை எழுதும் வேலை எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. உங்கள் பதிவை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டேன். நாங்கள் ஒரு வார்டில் வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். எந்த நேரத்தில் வந்தால் உண்மை நிலவரம் தெரியும், எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

இரவுப்பணி:

பகலில் வராதீர்கள், பகலில் எல்லாரும் இருப்பார்கள். இரவு டியூட்டி மாறும் நேரத்தில் வந்து, விடியற்காலை ரத்தம் எடுத்து அனுப்பும் வேலை முடியும் வரை இருங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார வேண்டாம், எங்களோடு நடங்கள். எந்த எண்ணை எத்தனை இடத்தில் எழுதுகிறோம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளியின் பிபி நான்கு தாளில் ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

ஆரம்பிப்பதென்றால் ஐஓ சார்ட்டும் டியூட்டி ஒப்படைப்பு நோட்டும். படுக்கைப் பக்கத்திலேயே போனில் தட்டினால் கூட்டல் தானாக வந்து, டியூட்டி மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலும் தானாக வர வேண்டும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் அது ஓட வேண்டும். அதைச் செய்துவிட்டால் நாங்களே அடுத்த வார்டுக்குச் சொல்லிக் கொடுப்போம், உங்கள் பயிற்சியாளர் வரத் தேவையில்லை.

ஆனால் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் மருத்துவமனை நிர்வாகத்திடம் ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த மென்பொருள் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து இந்த இரண்டு நோட்டும் நிறுத்தப்படுகின்றன, ஆடிட்டுக்கும் அச்சிட்ட தாளே போதும் என்று கையெழுத்துப் போட்ட உத்தரவு. அது கிடைக்காவிட்டால் உங்கள் மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்களுக்கு மூன்றாவது நோட்டுதான்.